மூன்றாவது ஆளின் முகத்தில் ஒரு பொட்டு

1

இன்று சரசுவதி பூசை. ஜொகூருக்கு வந்த நாளிலிருந்து, எங்கே வேலை பார்த்தாலும், ஆபீஸில் என் மேசைக்கு ஒரு சின்னப் பூசை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். இந்த வருஷம் போடவில்லை. சாயங்காலம் மணி அடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மீனாட்சி கேட்டாள், ஆபீஸ் பூசைக்குக் கட்டிவைத்த பொரிகடலைப் பொட்டலம் அப்படியே கிடக்கிறதே என்று. மறந்துவிட்டேன் என்றேன். அது பொய் என்று அவளுக்கும் தெரியும். என் பெண்டாட்டி நல்லவள், மேலே ஒன்றும் கேட்கவில்லை.

ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்களுக்கு நான் இங்கே என்ன உத்தியோகம் பார்க்கிறேன் என்பது இன்றுவரை புரிந்ததில்லை. என் தங்கை புருஷன் என்னைப் 'போட்டோப் பிடிக்கிறவர்' என்று நாலு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறார். கேமரா எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. ஜொகூர் பாருவில் ஒரு காட்சிசாலை இருக்கிறது. முன்கூடத்தில் பஞ்சடைத்த புலி, ஈட்டிகள், பழைய படகு ஒன்று. பின்கட்டில் ஒரு நீள அறை. அதில் இந்த நாட்டைப் பற்றி இருபது முப்பது வருஷமாக யார் யாரோ எடுத்த போட்டோக்களின் கண்ணாடித் தகடுகள், பெட்டி பெட்டியாக. அவற்றுக்கு நம்பர் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, பூஞ்சணம் பிடிக்காமல், கரையான் ஏறாமல், உடையாமல் காப்பது என் வேலை. வேலையாக இருந்தது என்று சொல்ல வேண்டும். போன வருஷப் பூசையோடு அது போய்விட்டது. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

கண்ணாடித் தகடு என்றால் பலருக்குத் தெரியாது. ஜன்னல் கண்ணாடி மாதிரிதான். ஒரு பக்கம் வெறும் கண்ணாடி, பளபளவென்று இருக்கும். மறுபக்கம் மெல்லிய பசைப் பூச்சு, மங்கலாக இருக்கும். படம் அந்த மங்கல் பக்கத்தில்தான் இருக்கிறது. கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தலைகீழாகத் தெரியும். பளபளப்புப் பக்கத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் துடைக்கலாம். மங்கல் பக்கத்தில் விரல்கூடப் படக்கூடாது, ஈரம் பட்டால் பூச்சு ஊறிப் பாலாடை மாதிரி எழும்பிவிடும். எந்தப் பக்கம் எது என்று சந்தேகம் வந்தால் ஓரத்தை உதட்டில் வைத்துப் பார்ப்போம். ஒட்டினால் அது படப் பக்கம்.

அறைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் பாடத்தை நான் நடத்துவேன். கூட்டிப் பெருக்க வருகிறவருக்கும் நடத்தியிருக்கிறேன். அந்த விஷயத்தில் நான் கொஞ்சம் தொணதொணப்பு.

ஜொகூரில் வெயிலும் மழையும் ஒரே நாளில் இரண்டு தடவை வரும். தகடுகளுக்கு ஈரம்தான் எமன். அலமாரிக்குள் டப்பாக்களில் சுட்ட சுண்ணாம்பு வைத்து, அது நீறு பூத்ததும் மாற்றிவிடுவேன். அறையில் விளக்கு, கற்பூரம், சுருட்டு எதுவும் கூடாது. பக்கத்திலேயே இருட்டறை, அதில் தீப்பிடிக்கிற சரக்கெல்லாம் உண்டு.

இருட்டறை ஆ சோங்குடையது. தகடுகளிலிருந்து காகிதத்தில் படம் எடுத்துக் கொடுக்கிறவன். என் வயதுதான், சீனன், கல்யாணம் செய்துகொள்ளாதவன், சிங்கப்பூரில் ஒரு போட்டோக் கடையில் வேலை பழகியவன். எங்களுக்குள் பேச்சு சந்தை மலாய். அவன் பேசுவது அவன் நாட்டுச் சாயலில், நான் பேசுவது என் நாட்டுச் சாயலில். மலாய்க்காரர் யாராவது கேட்டால் சிரித்துவிடுவார்கள், ஆனால் எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாமல் போனதில்லை. அவன் என்னைக் கிராணி என்றுதான் கூப்பிடுவான். நான் கூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணியாக இருந்துவிட்டு இங்கே வந்தவன், அந்தப் பட்டம் தோலோடு ஒட்டிக்கொண்டது.

எல்லாவற்றுக்கும் மேலே பதிவேடு. தகட்டு நம்பர், வந்த தேதி, யாரிடமிருந்து, எந்த இடம், என்ன படம், தகட்டின் நிலை, மாதிரிப் படம் எடுத்தாயிற்றா. தகடு வந்ததும் அதன் நிலையை எழுதுவேன்: கீறல், மூலை உடைசல், பூஞ்சணம். என் இங்கிலீஷே அவ்வளவுதான், பழுதுகளின் இங்கிலீஷ். பதிவேட்டில் சுரண்டக்கூடாது, அழிக்கக்கூடாது. தப்பு எழுதினால் சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு, அடித்தது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, பக்கத்தில் கையெழுத்து. காட்சிசாலையின் மேலதிகாரி, வெள்ளைக்காரத் துரை, சொன்ன விதி அது. துரை சொல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஏன் என்றால், கப்பல் ஏறுவதற்கு முன்னால் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு பத்திர ஆபீஸில் நகல் எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே என் பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு வித்தை கைவந்தது. எழுதி முடித்துப் பல வருஷமான பக்கத்தில், இருக்கிற இடைவெளியில், ஒரு வரியைச் சேர்ப்பார். மை பழசாகத் தெரிய அதில் சொட்டுத் தேத்தண்ணீர் கலந்து, பேனாவை அழுத்தாமல், பழைய கையெழுத்தின் சாய்வு பிசகாமல். காய்ந்த பிறகு எழுதினவரே பார்த்தாலும் தம்முடையது என்று சத்தியம் செய்வார். அந்த மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட சோறு எனக்குச் செரிக்கவில்லை. நான் ஊரை விட்டதற்குச் சொல்லும் காரணங்களில் பாதி கதை. இது ஒன்று நிஜம். ஜொகூரில் என் பதிவேட்டைத் திறந்து பார்க்கும்போதெல்லாம், ஒரு வரிகூடக் கள்ள வரி இல்லை என்று எனக்குள்ளேயே ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்துக்குத்தான் அடி விழுந்தது.

3

போன வருஷம் ரப்பர் விலை விழுந்து கிடந்தது. தோட்டங்களிலிருந்து ஆட்களை மூட்டை முடிச்சோடு கப்பல் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சர்க்கார் ஆபீஸ்களிலும் ஆள்குறைப்புப் பட்டியல் வரப்போகிறது என்று பேச்சு. யாரைப் பார்த்தாலும் அதே பேச்சு. என் பெண் விசாலம் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புக்கு முந்தின வகுப்பு. பையனுக்கு ஏழு வயது, பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளோடு விளையாடி விளையாடிக் கனவில்கூட மலாயில்தான் பேசுவான். ஊருக்குத் திரும்பினால் இதுகள் இரண்டும் எந்த மொழியில் பிழைக்கும்?

அதனால் போன வருஷப் பூசையில் எனக்குப் பக்தி கொஞ்சம் அதிகம். பயம் என்று சொன்னால்தான் சரி.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மேசையைத் துடைத்துப் பதிவேட்டை வைத்தேன். பூதக்கண்ணாடி, பேனாக்கள், தகட்டு ஓரத்தில் நம்பர் கீறுகிற ஊசி, எல்லாம் வரிசையாக. விளக்கும் கற்பூரமும் கூடாத அறை. அந்தக் குறையை ஈடுகட்டச் சந்தனத்தையும் குங்குமத்தையும் தாராளமாக வைத்தேன். பெட்டிகளுக்கெல்லாம் வைத்தேன். கடைசியாக ஒரு தகடு. மறுநாள் துரை பார்ப்பதற்காக உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருந்தது, நம்பர் 212. ஜொகூரைப் பற்றி ஒரு பெரிய ஆல்பம் தயாராகிக்கொண்டிருந்தது, சீமைக்கு அனுப்ப. அதற்குத் துரை முதலில் பொறுக்கிய படம் அது.

கூலாயில் காடு வெட்டின காலத்துப் படம். விழுந்த மரத்தின் முன்னால் ஐந்து தமிழர்கள் நிற்கிறார்கள். அந்தக் காலத்துப் படங்களில் யாரும் சிரிக்க மாட்டார்கள், கேமராவைப் போலீஸைப் பார்ப்பது மாதிரிதான் பார்ப்பார்கள். இதில் நடுவில் நிற்கிற மூன்றாவது ஆள் மட்டும் கோடாரியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறான். பதிவேட்டில் 'பெயர் தெரியவில்லை' என்றுதான் எழுதியிருந்தேன். நான் கூலாயில் இருந்தவன் ஆகையால் அவனை எங்கேயோ பார்த்த மாதிரி எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு.

அந்தத் தகட்டை விட்டுவிட மனம் வரவில்லை. நாளைய வேலையே அதுதானே. பளபளப்புப் பக்கம் என்று நினைத்து, மற்றதற்கெல்லாம் வைத்தது போலவே நடுவில் சந்தனத்தை வைத்து அதன் மேல் குங்குமத்தை வைத்தேன். கையைக் குவித்துக் கும்பிட்டேன்.

குடையை எடுக்கத் திரும்பினபோதுதான் கண்டேன். ஜன்னல் வெளிச்சம் பூதக்கண்ணாடியில் மின்னியது. தகட்டில் மின்னவில்லை. மங்கல் பக்கம் மேலே இருக்கிறது.

ஊருக்கெல்லாம் பாடம் நடத்தினவன் நான். வைத்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பஞ்சு இழுப்பறையில் இருந்தது. எடுக்கக் கை போனது. போன கையை நானே இழுத்துக்கொண்டேன். பூசையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிக் காலையில்தானே தொடலாம்? எங்கள் ஊரில் நாவிதர் கத்தியைத் தொடமாட்டார், தட்டார் சுத்தியலைத் தொடமாட்டார், வாத்தியார் சாக்கட்டியைத் தொடமாட்டார். ஆள்குறைப்புப் பட்டியல் வரப்போகிற வாரத்தில், கும்பிட்டு வைத்த பொருளைக் கும்பிட்ட கையாலேயே கலைப்பதா? ஒரு ராத்திரிதானே, காய்ந்தால் தட்டிவிட்டால் போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கதவைப் பூட்டினேன். வழியெல்லாம் மழை.

4

காலையில் முதல் ஆளாகப் போய்ப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து இறுகிப் பூச்சைப் பிடித்து இழுத்திருந்தது. பஞ்சை நனைத்து ஒற்றினேன். சந்தனம் வந்தது, அதோடு படத்தின் தோலும் வந்தது. கட்டை விரல் நகமளவு வெறும் கண்ணாடி, அதைச் சுற்றிக் குங்குமச் சிவப்பு ஊறிப்போய். மற்ற நாலு பேரும் அப்படியே நின்றார்கள். மூன்றாவது ஆளுக்கு முகம் இல்லை.

அன்றைக்கே துரையிடம் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. போகவில்லை. தகட்டை உறையில் போட்டுப் பெட்டியில் வைத்தேன். நல்ல வேளையாக, அப்போது அப்படித்தான் தோன்றியது, துரை காய்ச்சல் என்று நாலு நாள் வரவில்லை.

ஐந்தாம் நாள் துரை வந்தார், தகட்டைக் கேட்டார், ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கெட்ட வார்த்தை பேசுகிற மனிதர் இல்லை. தகட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு ஆ சோங்கைக் கூப்பிட்டார்.

அவனை ஏன் கூப்பிட்டார் என்று சொல்ல வேண்டும். போட்டோத் தொழிலில் ஒரு செஞ்சாந்து உண்டு. படத்தில் எந்த இடம் வெள்ளையாக வரவேண்டுமோ, தகட்டில் அந்த இடத்தில் தூரிகையால் அதைப் பூசுவார்கள். வெளிச்சம் புகாது. வானத்தை வெள்ளையாக்க ஆ சோங் அதைப் பூசுவதைத் துரை பார்த்திருக்கிறார். இருட்டறைப் பலகையில் சின்ன டப்பாவில் அந்தச் செஞ்சாந்து எப்போதும் இருக்கும். தகட்டில் சிவப்பு என்றால் துரைக்கு அவன் நினைவுதான் வரும். குங்குமம் என்று ஒன்று உலகத்தில் இருப்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

ஆ சோங் தகட்டை வாங்கிப் பார்த்தான். முகர்ந்தும் பார்த்தான். சந்தன வாசனை அவனுக்குத் தெரியாததா? வருஷா வருஷம் பூசைக்கு மறுநாள் காலையில் என் கையால் பொரிகடலை வாங்கித் தின்கிறவன். நான் பூட்டிய அறையை நான் திறக்கும்போது அந்த வாசனையில் நுழைகிற முதல் ஆள் அவன். தனக்குத் தெரியாது என்று மட்டும் சொன்னான். துரை என் பக்கம் திரும்பி, தகடு வந்தபோது எப்படி இருந்தது, பதிவேட்டைப் பார்த்து மத்தியானத்துக்கு மேல் சொல்லு என்றார்.

பதிவேட்டில் நிலை என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்தது இரண்டே வார்த்தை: 'ஓரத்தில் கீறல்.' அதன் பக்கத்தில் இரண்டு விரற்கடை வெறும் இடம்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை. கிளாஸில் ஆறிப்போன தேத்தண்ணீர் இருந்தது. நான் யோசித்து யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். கை தானாகப் போனது. மைக்கூட்டின் மூடியில் நாலு சொட்டு மை, ஒரு சொட்டுத் தேத்தண்ணீர். பேனாவை அழுத்தவில்லை. 'நடுவில் சிவப்புக் கறை, வந்தபோதே' என்று எழுதினேன். காய்ந்ததும் பார்த்தேன். பத்திர ஆபீஸ் பக்கத்து மேசைக்காரர் பார்த்திருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார். எனக்கு அருவருப்பாக இருந்தது, ஆனால் நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டதும் உண்மை. யார்மேலும் பழி இல்லை, ஆ சோங்குக்கும் இல்லை, எனக்கும் இல்லை என்று கணக்குப் போட்டேன்.

5

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சோறு பரிமாறுகிறவள் ஞாபகம் வராது. எனக்கும் வரவில்லை. பதிவேட்டின் கடைசிக் கட்டத்தை நான் மறந்துவிட்டேன்: மாதிரிப் படம். தகடு வந்ததும் ஆ சோங் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சின்னப் படம் எடுத்துத் தன் அலமாரியில் வரிசையாக வைப்பான். 212க்கு நேரே 'எடுத்தாயிற்று' என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

துரை வரியைப் படித்தார். தலையை ஆட்டினார். அப்படியே விரலை நகர்த்திக்கொண்டு போய்க் கடைசிக் கட்டத்தில் நிறுத்தினார். அப்படியானால் மாதிரிப் படத்திலும் கறை இருக்க வேண்டுமே, கொண்டுவா என்று ஆ சோங்கிடம் சொன்னார்.

அந்தப் படத்தில் கறை கிடையாது. அது வெளியே வந்தால் என் வரி பொய். ஆ சோங் பதிவேட்டைப் பார்த்தான். அவனுக்கு இங்கிலீஷ் எழுத்து அவ்வளவாகப் படிக்க வராது, ஆனால் புதிய மைக்கும் பழைய மைக்கும் வித்தியாசம் அவனைவிட யாருக்குத் தெரியும்? பிறகு என்னைப் பார்த்தான். ஒரே ஒரு தடவை. இருட்டறைக்குள் போனான்.

உள்ளே வெகுநேரம் இழுப்பறைகளைத் திறக்கிற, மூடுகிற சத்தம். அந்த நேரம் முழுவதும் துரை எதிரில் நின்றுகொண்டு நான் மேசை விளிம்பைப் பிடித்திருந்தேன். அவன் வெறுங்கையோடு வந்தான். காணோம் துவான், நான்தான் எங்கேயோ தொலைத்துவிட்டேன் என்று துரையிடம் சொன்னான்.

மாதிரிப் படங்கள் அவன் பொறுப்பு. ஒன்று தொலைந்தால் எத்தனை தொலைந்ததோ என்று துரைக்குச் சந்தேகம் வருவது இயற்கை. அதோடு ஆள்குறைப்புப் பட்டியலில் ஒரு பெயர் கொடுக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இருந்தது. மாதக் கடைசியோடு நின்றுகொள் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பின்பக்கத்து மாமரத்தடியில் அவன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். போய் நின்றேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"உனக்கு ரெண்டு பிள்ளைங்க, கிராணி. நான் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போனா எந்தப் போட்டோக் கடையிலயும் வேலை இருக்கு. உன்னை யாரு கூப்பிடுவாங்க? தகட்டுக்கு நம்பர் போடுற ஆளு யாருக்கு வேணும்?"

"துரைகிட்ட நான் சொல்றேன்."

"தா அப்பா லா," என்றான். பரவாயில்லை என்று அர்த்தம். இந்த நாட்டில் காலை மிதித்தாலும் அதுதான், வீடு எரிந்தாலும் அதுதான். பீடியை அணைத்துவிட்டு உள்ளே போனான்.

சொல்கிறேன் என்றவன் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை. வீட்டை நோக்கி நடக்கும்போது என் நடையில் ஒரு லேசு இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

6

வீட்டில் மீனாட்சியிடம் மறைக்க முடியவில்லை. விசாலம் மூலையில் உட்கார்ந்து பூகோளப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மீனாட்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவரே விட்டுக் குடுத்துட்டாருல்லங்க," என்றாள் கடைசியில். "நல்லா இருக்கட்டும். நாம போய் நம்ம தலையில நாமளே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா? இந்தப் பிள்ளைங்களை இழுத்துக்கிட்டு அங்க போய் யார் வீட்டு வாசல்ல நிக்கிறது?"

அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்ததைத்தான் அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

விசாலம் புத்தகத்தை மூடினாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஊர் விவரங்கள் எதுவும் தெரியாது, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆசை கிடையாது. இங்கிலீஷ் மட்டும் துரைமாரைப் போல எழுதுவாள். அவள் குறும்பாகக் கேட்கவில்லை. கணக்கில் ஒரு படி விட்டுப்போனால் கேட்பாளே, அப்படிக் கேட்டாள்.

"அப்பவே பாத்துட்டீங்க. பஞ்சும் இருந்துச்சு. ஏன்ப்பா தொடைக்கல?"

"பூசையில வச்சதைத் தொடக்கூடாதும்மா."

"தொட்டா என்னப்பா ஆகும்?"

தெய்வக் குற்றம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தொடாததால் ஆனதெல்லாம் வரிசையாகத் தெரிந்தது: ஒரு முகம் போயிற்று, நான் வெறுத்து ஓடிவந்த வித்தையை என் கையாலேயே செய்தேன், ஒரு மனிதனுக்கு வேலை போயிற்று. இதையெல்லாம் செய்யத் தைரியம் இருந்தது. சந்தனத்தைத் துடைக்கத்தான் பயம்.

"காகிதம் எடும்மா," என்றேன். "துரைக்கு ஒரு கடுதாசி எழுதணும். என் இங்கிலீஷ் போதாது."

மீனாட்சி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரங்களை வைக்கிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

நான் தமிழில் சொல்லச் சொல்ல விசாலம் எழுதினாள். சந்தனம் வரையில் சரியாகப் போனது. தேத்தண்ணீர் வந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, "இதையும் எழுதணுமாப்பா?" என்றாள். பெற்ற பெண்ணிடம் நான் கள்ளன் என்று எழுத்துக் கூட்டிச் சொல்வதைவிடக் கஷ்டம் ஒன்று இருக்குமா, எனக்குத் தெரியவில்லை. எழுது என்றேன். எழுதினாள். முடிக்கும் வரை தலை நிமிரவே இல்லை.

7

மறுநாள் காலையில் துரை கடிதத்தை இரண்டு தடவை படித்தார். ஏன் துடைக்கவில்லை என்று அவரும் கேட்டார். கடிதத்தில் எழுதியதைத் தவிர வேறு காரணம் இல்லை என்றேன். ஆ சோங்கைக் கூப்பிட்டு, மாதிரிப் படம் நிஜமாகவே தொலைந்ததா என்று கேட்டார். அவன் என் முகத்தைப் பார்த்தான், நான் தலையசைத்தேன். உள்ளே போன சுருக்கில் திரும்பி வந்தான். இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே பத்திரமாக வைத்திருந்தான். உள்ளங்கை அகலப் படம். மூன்றாவது ஆள் கோடாரியோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

துரை சொன்னதன் சாரம் இது. கறையை மன்னிக்கலாம், அது கைப்பிசகு. வரியை மன்னிக்க முடியாது. ஒரு வரி பொய் என்றால் நான் எழுதிய மற்ற வரிகளை இனி யார் நம்புவது? அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. நானே அவர் நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆ சோங்கை நிறுத்தும் உத்தரவு ரத்தாயிற்று. பொய் சொன்னதற்கு அவனுக்கு ஒரு திட்டு, அவ்வளவுதான். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பட்டியலுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டும் ஏன் அனுப்பவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பதிவேட்டையும் அறைச் சாவியையும் வாங்கிக்கொண்டு முன்கட்டில் தபால் மேசைக்கு மாற்றினார். வருகிற கடிதத்துக்கு நம்பர் போடுவது, போகிற கடிதத்துக்கு உறை ஒட்டுவது. இப்போது பஞ்சடைத்த புலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் அந்த வரியை நீயே திருத்து என்றார். சிவப்பு மை தொட்டு என் கள்ள வரியின் மேல் ஒரு கோடு இழுத்தேன். படிக்கிற மாதிரி, விதிப்படி. கீழே எழுதினேன்: 'நடுவில் பூச்சு உரிந்தது, குங்குமக் கறை. பதிவாளர் பிழை.' கையெழுத்துப் போட்டேன். நான் போன பிறகும் அந்தப் புத்தகம் இருக்கும். எவன் திறந்தாலும் 212க்கு நேரே ஒரே கையெழுத்தில் பொய்யும் கோடும் நிஜமும் இருப்பதைப் பார்ப்பான்.

மாதிரிப் படத்தைக் கேமராவில் பிடித்து ஆ சோங் புதிய தகடு ஒன்று செய்தான். ஆல்பத்தில் போனது அதுதான். முதல் தகட்டின் கூர்மை அதில் இல்லை என்று அவனே ஒப்புக்கொள்வான். முகம் இருக்கிறது.

எனக்கும் அவனுக்கும் பேச்சு நிற்கவில்லை. ஆனாலும் முதல் சில மாதம் அவன் முகத்தை நேரே பார்க்க எனக்குக் கூசியது. ஒரு நாள் அவன்தான் ஆரம்பித்தான். "நீ மறுநாளே சொல்லிடுவேன்னு நினைச்சுத்தான் படத்தைக் கிழிக்காம வச்சிருந்தேன்," என்றான். மறுநாள் சொன்னேன் அல்லவா என்றேன். அதனால்தான் உன்னோடு டீ குடிக்கிறேன் என்றான்.

8

இன்றைக்கு வருகிறேன். வீட்டுப் பூசை முடிந்தது. பலகையில் பிள்ளைகளின் புத்தகங்கள், என் பழைய பேனா, மீனாட்சியின் கத்தரிக்கோல். ஒவ்வொன்றுக்கும் மீனாட்சி பொட்டு வைத்தாள். நான் கும்பிட்டேன். சுண்டல் சாப்பிட்டோம்.

சாப்பிட்டான பிறகு பார்த்தால் விசாலம் பலகை முன்னால் நின்றுகொண்டிருக்கிறாள். இங்கே பள்ளிக்கூடத்துக்கு விஜயதசமி தெரியாது. நாளைக்குக் காலையில் அவளுக்குச் சரித்திரப் பரீட்சை. அடுக்கில் மேலாக இருந்தது சரித்திரப் புத்தகம். கேட்கவும் இல்லை, போகவும் இல்லை. போன வருஷம் கேட்ட கேள்வியை இந்த வருஷம் அவள் கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். என்னை நோகடிக்க அவளுக்கு மனம் வராது.

"எடுத்துக்கம்மா," என்றேன்.

"அம்மா திட்டுவாங்கப்பா."

"நான் சொன்னேன்னு சொல்லு."

அடுப்படியிலிருந்து மீனாட்சி எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள். திரும்ப உள்ளே போய்விட்டாள்.

விசாலம் புத்தகத்தை எடுத்தாள். அட்டையில் இருந்த பொட்டு இன்னும் ஈரமாகவே இருந்தது. தாவணி நுனியால் ஒரு தடவை துடைத்தாள், போய்விட்டது.